காசுக்குத்தான் இல்லை என்றார்கள்

தம்பி,

நீ அல்டாவுக்கு வேலைக்குப் போக எழுதிப் போட்டிருக்கிறாய் என்பதை நான் ஒரு படிக்கட்டில் வைத்துத்தான் அறிந்தேன். விழுந்து கிடந்த மூன்றாம் மாடிக் கிழவி கெர்டின் கால் அசையாமல் இருக்க அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். உன்னோடு வேலை செய்கிற அம்புலன்ஸ்காரப் பெண் என்னை அடையாளம் கண்டு, உங்கள் மகன் வடக்கே போகிறானாமே, எங்களுக்கெல்லாம் கவலை என்றாள். நான் எல்லாம் தெரிந்த தாய் போல ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பக்கத்துக் கடையில் விலை குறைத்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் வந்து சொல்லும்போது முகத்தை எப்படி வைத்திருப்பேனோ, அப்படி வைத்திருந்தேன். அவர்கள் கெர்டை ஏற்றிக்கொண்டு போன பிறகு கடைக்குத் திரும்பி, குளிர்ப்பெட்டியில் மீனை அடுக்கிக்கொண்டே உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். நேரில் சொன்னால் நீ கைபேசியைப் பார்ப்பாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அப்பா எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விடுவார். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை நித்திரைப்பாயில் இருந்து இழுத்துக்கொண்டு போன வருடங்கள் இதற்காவது உதவட்டும்.

இதை நம் ஆட்கள் வாசிக்கிற சஞ்சிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். ஆனால் ரொம்மனில் எங்கள் கட்டடங்களில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லவும் என்னிடம் நாலு வார்த்தை உண்டு. கெர்டிடமும் கேட்டேன். எழுது, ஆனால் நான் எப்படி வாக்களித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுது என்றாள். மறைக்கப் போவதில்லை.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நாங்கள் இருப்பது நோர்வேயில், நாலு மாடிக் கட்டடங்களில். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த கூட்டுறவு ஒன்றுதான் இவற்றை நடத்துகிறது. பொதுச் செலவுக்கு மாதாமாதம் எல்லாரும் கட்டுகிறோம். சில வருடங்களுக்கு முன் கீழ் வீட்டு மனிதர் தன் சமையலறையில் சுருண்டு விழுந்தபோது நீ வெறுங்காலோடு படியிறங்கி ஓடி, அம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாய். அம்புலன்ஸ் சுணங்கவில்லை, வேகமாகத்தான் வந்தது. ஆனால் நின்றுபோன இதயத்துக்கு எந்த வேகமும் போதாது என்று அன்றைக்கு எனக்கு விளங்கப்படுத்தினாய். கூப்பிடுவதற்கும் வந்து சேர்வதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்றாய். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. ஒருவரும் சொந்தம் கொண்டாடாத இடமாகப் பார்த்துத்தான் நானும் என் முதல் கடையைப் போட்டேன்.

உன் குழு அப்படித்தான் தொடங்கியது. ஒரு தொலைபேசி. நின்ற இதயத்தை அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கிற பெட்டி. நடக்க முடியாதவரை இருத்திப் படியால் இறக்குகிற நாற்காலி. கொஞ்சம் கம்பளி. இவற்றை வைக்க நிலக்கீழே ஓர் அறை. யாராவது விழுந்தால் முதலில் அம்புலன்ஸைக் கூப்பிடுகிற 113க்கு அடிக்க வேண்டும், அடுத்ததாக உங்கள் எண்ணுக்கு. ஒருவர் நோயாளியிடம் ஓட வேண்டும், ஒருவர் பெட்டியை எடுத்து வர வேண்டும், ஒருவர் தெருவில் நின்று கையைக் காட்டி அம்புலன்ஸைச் சரியான வாசலுக்குக் கூட்டிவர வேண்டும். எங்கள் வாசல்களுக்கு எழுத்துப் போட்ட ஒழுங்கு அதைப் போட்டவனுக்கே விளங்காது என்பதால் மூன்றாவது ஆள்தான் பெரிய ஆள் என்பாய். பெட்டியின் பட்டரி காலாவதியாகும், நாற்காலியின் பட்டி தேயும், புது ஆட்களைப் பழக்க வேண்டும். எத்தனை நாளைக்குக் கைக்காசில் ஓட்டுவது? மாதக் கட்டணத்தோடு ஒரு சின்னத் தொகையைச் சேர்ப்போம் என்று நிர்வாகக் குழு இந்த வசந்தத்தில் பொதுக்கூட்டத்தில் கேட்டது. வாக்கெடுப்பில் தோற்றது. நடந்தது அவ்வளவுதான். நீ அதை உன் தலைக்கு எழுதிய தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூட மண்டபம், வாஃபிள் அப்பம் சுடுகிற வாசனை, பின்வரிசையில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்த ஆட்கள். நீ நன்றாகப் பேசினாய். உனக்குப் பிறகு கெர்ட் எழும்பினாள். ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரி, தனியாக இருக்கிறவள், மூன்றாம் மாடி. இந்த மண்டபத்தில் அந்த நாற்காலி முதலில் தேவைப்படப் போவது எனக்குத்தான் என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வெட்டினாள். இன்றைக்கு நாங்கள் காசு கட்டி நாற்காலி வாங்கினால், நாளைக்கு மேலே அதிகாரத்தில் இருக்கிறவர்கள் ரொம்மன்காரர் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு அம்புலன்ஸைக் குறைப்பார்கள்; வரி கட்டியாயிற்று, இரண்டாம் தரம் கட்ட மாட்டேன் என்றாள். கை தட்டினார்கள். எனக்கே ஒரு கணம் தட்டலாம்போல இருந்தது.

பிறகு வாக்குக்குப் போனது. நான் என் பையில் இருந்து ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தேன். வர முடியாதவர் தன் வாக்கை இன்னொருவர் போடலாம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் இங்கே உண்டல்லவா, அந்தப் பத்திரங்கள்தான், ஒரு கட்டு முழுக்க. உனக்குச் சொல்லாமல் சேர்த்தேன். கடைக்கு வந்த ஒவ்வொரு தமிழ் முகத்துக்கும் கத்தரிக்காயோடு சேர்த்துப் பேனையையும் நீட்டினேன். எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கூட்டமோ, கோயில் பெருநாளோ, வைத்தியசாலையில் ஒருவரைப் பார்ப்பதோ, மொழி தெரிந்த ஒருவர் போனால் பத்து வீடு போனதாகக் கணக்கு. "அக்கா, அங்கை வந்து இருந்தாலும் எங்களுக்கு ஒண்டும் விளங்காது. நீங்களே எங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கோ" என்றார்கள். போட்டுவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். கூட்டத்தை நடத்த வெளியில் இருந்து வந்த அந்தப் பெண் மேலே இருந்த ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாவற்றையும் என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். ஒருவர் இன்னும் ஒருவருக்காக மட்டுமே வாக்களிக்கலாம் என்பது சட்டமாம். அப்படியென்றால் இவர்கள் எல்லாரும்? அவர்கள் வந்திருக்க வேண்டும் என்றாள், மரியாதையாக. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ முன்வரிசையில் இருந்து எழும்பி வந்து, "அம்மா, விடுங்கோ" என்று அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டாய்.

நாங்கள் தோற்ற வித்தியாசம் அந்தக் கட்டில் இருந்த வாக்குகளை விடச் சின்னது. இதை வாசிக்கிற நம் ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். கையெழுத்து வைத்த நீங்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அன்று மாலை உங்கள் வீட்டில் இருந்து அந்த மண்டபத்துக்கு நடந்து வருகிற நேரத்தில் ஒரு தேத்தண்ணி ஆறியிருக்காது. கை தூக்க மொழி எதற்கு?

இன்னொன்றும் நடந்தது. அதுதான் உன்னைச் சுட்டது என்று எனக்குத் தெரியும். வெளியே நடைபாதையில் நின்ற பற்றிக் அண்ணை, ஊரில் எங்கள் தீவைச் சேர்ந்தவர், உனக்கு ஞானஸ்நானத்தன்று சங்கிலி போட்டவர், வாஃபிளை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, நீ பக்கத்தில் நிற்பது தெரிந்தே என்னிடம் சொன்னார்: "உன்ரை பெடியன் பேர் எடுக்கிறதுக்கு நாங்கள் ஏன் பிள்ளை காசு குடுக்க வேணும்?"

"பேர் எடுக்கிறதெண்டால் அவனை அரசியலுக்கு அனுப்பியிருப்பன் அண்ணை. கிழடுகளைக் காவிக்கொண்டு படியிறங்க விட்டிருக்க மாட்டன்" என்றேன். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் போட்ட முள் உனக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதே கிழமை நீ நிலக்கீழ் அறையைப் பூட்டுகிற திறப்பையும் தொலைபேசியையும் நிர்வாகக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். ஒருவரும் கேட்கவில்லை, நீயாகக் கொடுத்தாய். ஏனடா என்றேன். "சனம் சொல்லிப்போட்டுது அம்மா. இனியும் செய்தால் அவையின்ரை சொல்லை மதிக்காத மாதிரி" என்றாய். அந்தக் குணம் நல்ல குணம். தோற்றவன் கதிரையை உடைக்காமல் எழும்பிப் போகிற நாட்டில் உன்னை வளர்த்தோம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றும் சொல்லலாம். ஆனால் தம்பி, மதிப்பதற்கு முதல் என்ன சொன்னார்கள் என்று சரியாகக் கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என்னோடு வங்கிக்கு வந்தாய், நினைவிருக்கிறதா? அப்போது நான் புருசெத் தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்துக் காரின் பின்பெட்டியைத் திறந்து முருங்கைக்காயும் உறைந்த பாரைமீனும் விற்றுக்கொண்டிருந்தேன். மழையில் நின்று விற்றது போதும், கூரையோடு ஒரு கடை வேண்டும் என்று கடன் கேட்கப் போனோம். உன்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். நீ என் பக்கம் திரும்பி, "இப்ப ஏலாதாம் அம்மா, பிறகு பாப்பமாம்" என்றாய். எனக்கு நோர்வேஜிய மொழி தெரியாதுதான், ஆனால் இல்லை என்ற சொல் தெரியும். அந்த ஒரு சொல்லைத்தான் இந்த நாட்டில் முதலில் படித்தேன். வெளியே வந்து உனக்கு ஒரு பணிஸ் ரொட்டி வாங்கித் தந்து, அவன் இல்லை என்றுதானே சொன்னவன் என்று கேட்டேன். நீ பணிஸைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாய். "ஓம். ஆனால் நல்லமாதிரித்தான் சொன்னவர்."

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சரி, எதற்கு இல்லை என்றான், கடைக்கோ, நான் கேட்ட தொகைக்கோ என்று கேட்டேன். நீ யோசித்துவிட்டு, தொகைக்கு என்றாய். அப்படியென்றால் அவன் கடைக்கு இல்லை என்று சொல்லவில்லை. பெரிய கடையை விட்டுவிட்டு, தையற்காரி ஒருத்தியோடு பாதி இடத்தைப் பங்குபோட்டு, ஒரே ஒரு குளிர்ப்பெட்டியோடு தொடங்கினேன். அந்தப் பாதிக் கடையில்தான் நீ பாடம் படித்தாய், வெங்காயச் சாக்கின் மேல் இருந்து.

அன்றைக்கு என் மனம் நோகக்கூடாது என்று ஒரு இல்லையைச் சிறிதாக்கித் தந்தாய். இன்றைக்கு உன் மனம் நொந்துபோய், இன்னொரு இல்லையைப் பெரிதாக்கிக் காவிக்கொண்டு திரிகிறாய். இரண்டும் பிழையான மொழிபெயர்ப்பு. மண்டபத்தில் வாக்குக்கு விட்ட கேள்வியை எடுத்து இன்னொரு முறை வாசித்துப் பார். மாதக் கட்டணத்தைக் கூட்டலாமா? அது ஒன்றுதான் கேள்வி. கூட்ட வேண்டாம் என்றார்கள். விழுந்து கிடக்கிறவனைக் கிடக்க விடு என்று ஒருவரும் வாக்களிக்கவில்லை. கடைக்கு வருகிறவள் இந்த விலைக்கு இந்த மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால், அவள் வீட்டில் இனி மீனே சமைக்க மாட்டார்கள் என்று நான் கடையைப் பூட்டுவதா? இருபது வருடத்துக்கு மேல் ஆட்களின் முகத்தைப் பார்த்து விற்கிறேன். விலை பிடிக்காத முகத்துக்கும் சாமான் பிடிக்காத முகத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஆகவே நாங்கள் நிறுத்தவில்லை. நீ வேலைக்கும் உன் அறைக்குமாகத் திரிந்ததால் உனக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்கவில்லை. அந்த நிலக்கீழ் அறையில் சைக்கிள் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் போய் நாற்காலியையும் பெட்டியையும் கேட்டேன். நிர்வாகக் குழுத் தலைவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார், பிறகு தந்துவிட்டார். இப்போது அவை என் கடையில் அரிசிமூட்டைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நடுவில் நிற்கின்றன. "இனிச் சாமானோடை ஆக்களையும் ஏத்தி இறக்கப் போறியோ?" என்று உன் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, நாற்காலியின் சில்லுக்கு எண்ணெய் விட்டதும் அவர்தான். பட்டரி யார் வாங்கியது என்று கேட்காதே. வாங்கியாயிற்று.

ஆட்களைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. உன்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் நீ விலகியதும் விலகிவிட்டார்கள். நான் புதிதாகப் பிடித்த முதல் ஆள் கவிதா, அடுத்த வாசலில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி அலுவலகத்தில் வேலை. நான் கதைப்பது அவளுக்குப் பாதிதான் விளங்குகிறது, அவள் பேசுகிற வேகம் எனக்குக் கால்வாசிதான் விளங்குகிறது. அதனால் நாற்காலியைத் தூக்கும்போது இரண்டு தமிழச்சிகளும் நோர்வேஜிய மொழியில்தான் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொள்கிறோம். முதல் தரம் பழகியபோது உன் அப்பாவை இருத்தி இறக்கினோம். அவர் இரண்டாம் மாடியில் கண்ணை மூடிச் செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். "அங்கிள் வெயிட்டா இல்ல ஆன்ட்டி, பயம்தான் வெயிட்டா இருக்கு" என்றாள் கவிதா. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, இருந்தும் இறக்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் பயிற்சி வகுப்புக்குப் போய், பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை அமுக்கிச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். உனக்குச் சொல்லவில்லை. நீயும் அல்டாவைச் சொல்லவில்லையே.

பழைய அறிவித்தலை நிர்வாகம் கழற்றிவிட்டதால் புதிதாக ஒன்று அடித்து எல்லா வாசலிலும் ஒட்டினேன். முதலில் 113, பிறகு எங்களைக் கூப்பிடுங்கள், இப்போதும் வருகிறோம் என்று எழுதி, கீழே கடை எண். இரண்டு நாளில் மரியாதையான ஒரு செய்தி வந்தது: வாசல் சுவர்களில் அனுமதி இல்லாமல் எதையும் ஒட்டக்கூடாது. ஒட்டக்கூடாதென்றால் கூடாதுதான். எல்லாவற்றையும் நானே உரித்தெடுத்தேன், பசை அடையாளம்கூட இல்லாமல் துடைத்தும் விட்டேன். பிறகு அதே அறிவித்தலை நாலு மடங்கு பெரிதாக அடித்து என் கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினேன். சுவர் அவர்களுடையது, கண்ணாடி என்னுடையது. ரொம்மன் நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகிற எவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பற்றிக் அண்ணையும் அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்து கருவாடு வாங்குகிறார்.

கெர்ட் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அவளுடைய எதிர்வீட்டுப் பிள்ளை 113க்கு அடித்துவிட்டு, கண்ணாடியில் பார்த்த எண் நினைவில் இருந்ததால் எங்களுக்கும் அடித்தாள். கல்லாவில் உன் அப்பாவை விட்டுவிட்டு ஓடினேன். கவிதா வீட்டில் இருந்து வேலை செய்கிற நாள். "நீங்க மேல போங்க ஆன்ட்டி, நான் ரோட்டுல நிக்கிறேன்" என்று காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கூட்டத்தோடேயே தெருவுக்கு ஓடினாள். கெர்ட் இரண்டாம் மாடி வளைவில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். இடுப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. தூக்கக்கூடாது, அசைக்கக்கூடாது, குளிர விடக்கூடாது. வகுப்பில் சொன்னதைச் செய்தேன். கம்பளியைப் போர்த்தி, காலைப் பிடித்துக்கொண்டு அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வலியில் வெளிறிப்போய்க் கிடந்தவள் என்னை நேராகப் பார்த்து, "நான் உங்களுக்கு எதிராகத்தான் வாக்களித்தேன், தெரியுமல்லவா" என்றாள்.

"தெரியும். மண்டபத்தில் கேட்டேன். காலை அசைக்காதே."

"அடுத்த வருடமும் எதிராகத்தான் போடுவேன்."

"போடு. அதற்கு நீ படியிறங்கி மண்டபத்துக்கு வர வேண்டும். இப்போது அசையாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பால் வலி கூடி, என் தாயைத் திட்டுகிற மாதிரி ஏதோ ஒன்றைச் சொன்னாள். அதற்குள் கவிதா வாசலைப் பிடித்து உன் ஆட்களை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் மேலே கொண்டுவந்துவிட்டாள். பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேன். அந்தப் பெண் உன்னைப் பற்றிச் சொன்னதும் நான் சடாரென்று அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் கெர்ட் கண்ணைத் திறந்து, "இப்போது அசைவது நீதான்" என்றாள்.

அவள் திருந்திவிட்டாள் என்று நினைக்காதே. வைத்தியசாலையால் வந்த பிறகு பார்க்கப் போனேன், கொஞ்சம் மீன்சூப்போடு. காரம் குறைத்திருந்தேன். அரை மணித்தியாலம் என்னோடு வாதாடினாள். நாங்கள் ஓடி ஓடிச் செய்கிறவரை மேலே இருக்கிறவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள் என்றாள். அது சரிதான் என்றேன். சரியென்றால் நிறுத்து என்றாள். நீ அவர்களை எழுப்பிக்கொண்டே இரு, அவர்கள் எழும்பும்வரை நான் உன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் நகரசபைக்கு எழுதிய கோரிக்கையில் நான் என் கையெழுத்தை வைத்தேன். அவள் பங்குக்கு, வீட்டில் சும்மா இருக்கிறேன், தொலைபேசியைக் கொடு என்றாள். இப்போது திங்களும் வியாழனும் எங்கள் எண்ணுக்கு அடித்தால் எடுப்பது கெர்ட். பதற்றத்தில் அடிக்கிறவனிடம் வாசல் எழுத்தைக் கேட்டு வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சங்கக் கூட்டங்களில் கத்திப் பழகிய குரல். உங்கள் குழுவில் நான் இல்லை, தொலைபேசியை மட்டும்தான் எடுக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும். எடுக்கிறாளே.

உனக்கு என்ன நோகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ அவர்களுக்காக ஓடினாய், அவர்கள் உனக்காகக் கை தூக்கவில்லை. ஓடியதற்கு ஒரு நன்றி வர வேண்டும் என்று இளவயதில் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நான் எதிர்பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பொய். எனக்கும் ஆசைதான். பற்றிக் அண்ணை ஒருநாள் வந்து, பிள்ளை, நான் சொன்னது பிழை என்று சொல்வார் என்று இன்னும் அவர் கருவாட்டை நிறுக்கும்போதெல்லாம் ஒரு கணம் காத்திருக்கிறேன். சொல்ல மாட்டார். ஆனால் அவர் மனைவிக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கூடிப்போய் மயங்கினால் நான் காத்திருக்கப் போவதில்லை, ஓடத்தான் போகிறேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் படியில் வைத்துப் பேசட்டும். நாங்கள் போக வேண்டுமா இல்லையா என்பதை விழுந்து கிடக்கிறவரின் மூச்சுத்தான் முடிவு செய்யும். மண்டபத்தில் தூக்கிய கைகளுக்கு அதில் வேலை இல்லை. நன்றியும் கட்டணமும் வந்தால் வாங்கிக்கொள்வோம், வராவிட்டால் திரும்பவும் கேட்போம். அடுத்த வசந்தத்தில் அதே தீர்மானத்தை அதே மண்டபத்தில் திரும்பவும் கொண்டுவருவேன். இந்த முறை பத்திரம் எதுவும் சேர்க்க மாட்டேன். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, சப்பாத்தைக் காலில் போடுங்கோ என்று சொல்லி ஆட்களையே கூட்டிக்கொண்டு வருவேன். அப்போதும் தோற்றால் அதற்கடுத்த வசந்தம் இருக்கிறது. என் முழங்கால் போனாலும் வாய் இருக்கிறது.

இனி அல்டாவுக்கு வருகிறேன். வடக்கில் வானம் பெரிது, வேலை நல்லது, சம்பளம் கூட என்றால் போ. நான் உன் வயதில் இதைவிடத் தூரம் வந்தவள், உன்னை மறிக்க எனக்கு வாய் இல்லை. பெட்டி கட்ட உதவி செய்வேன், மிளகாய்த்தூளும் தந்துவிடுவேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்றால் இன்னும் நல்லது, சொல்லிவிட்டுப் போ. ஆனால் ரொம்மனில் எங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள், அதனால் வந்துவிட்டேன் என்று மட்டும் அங்கே போய் ஒருவரிடமும் சொல்லாதே. அது உண்மை இல்லை. உன் தாய் ஒவ்வொரு கிழமையும் படியேறி இறங்குகிறாள், அவளிடம் கேள். இங்கே நாங்கள் வேண்டும். காசு தரத்தான் மனம் இல்லை.

எங்கள் கிழமை இப்போது இப்படி ஓடுகிறது. திங்களும் வியாழனும் தொலைபேசி கெர்டிடம், ஓடுவது நான். செவ்வாயும் வெள்ளியும் கவிதா. சனியும் ஞாயிறும் உன் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர், வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். புதனுக்கு ஆள் இல்லை. உன் பெயரை எழுதட்டுமா என்று கவிதா கேட்டாள். உனக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே, உண்மையாகவே ஆள் இல்லை. நீ வந்தால் புதன் உன்னுடையது. நீ போனால், அதையும் சேர்த்து நானே ஓடுவேன்.

அம்மா